முதல் ட்ரோனுக்குப் போட்ட பூஜை

சென்ற வருடம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக்கு மருந்தடிக்கும் பருவத்தில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லைக்காட்டில் நடந்தது இது. மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டும் பயிற்சி முடித்து அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். என் கைக்கு அடங்கும், பத்து லிட்டர் மருந்துத் தொட்டி உள்ள மிஷின் போதும் என்றேன். லைசென்ஸ் என் பெயரில். முடிவு செய்தவர் மட்டும் என் கணவர்.

"சின்னத வாங்கினா பொம்மைன்னு சிரிப்பானுங்க. நீ ஓட்டு, வாங்குறத நான் பாத்துக்கறேன்."

விழுப்புரத்தில் ஒருவரிடமிருந்த முப்பது லிட்டர் பழைய மிஷினைச் சோதனைக்கு வரவழைத்துவிட்டார். கட்டில் அளவு இருந்தது. நான் அதன் விசிறிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரோ, இன்னும் வாங்கவே இல்லை, புது வண்டிக்குச் செய்வதுபோல் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சை கோத்த திருஷ்டிக் கயிற்றையும் கட்டிவிட்டார்.

"ஏங்க, விசிறி சுத்துறப்ப இழுத்துக்கும், அவுருங்க!" என்று கத்தி எல்லாவற்றையும் நானே பிடுங்கிப் போட்டேன்.

"வந்துட்டாங்க பைலட்டம்மா" என்றார் கணவர். விற்க வந்தவரும் கூடச் சிரித்தார்.

நான் தள்ளிப்போய் ரிமோட்டைச் சரிபார்ப்பதற்குள், என் கணவர் அந்தக் கயிற்றை மறுபடியும் மிஷினின் காலில் கட்டிவிட்டு, தேங்காயோடு வரப்பில் போய் நின்றுகொண்டார். எனக்குத் தெரியாது.

தண்ணீர் நிரப்பிய மிஷின் மேலே எழும்பியது. கயிறு காற்றில் பறந்து விசிறியில் சுற்றிக்கொண்டது. டப்பென்று சத்தம். மிஷின் சாய்ந்து நேராக அவரை நோக்கிப் போனது. ரிமோட் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறேன், மிஷின் கேட்கவில்லை. "படுங்க! படுங்க!" என்று கத்தினேன். ஓடப் பார்த்தவர் வரப்பு தடுக்கிக் குப்புற விழுந்தார். அதனால்தான் பிழைத்தார். மிஷின் அவர் முதுகுக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் மோதியது. உடைந்த விசிறித் துண்டு ஒன்று அவர் தலைக்கு அருகே மண்ணில் குத்தி நின்றது.

ஓடிப்போய் அவரைப் புரட்டினேன். ரத்தம் இல்லை. கண் மட்டும் மிரண்டிருந்தது.

"தேங்கா ஒடைக்கறதுக்குள்ள தூக்கிட்டியேடி, அதான் இப்படி" என்றார்.

அறையத்தான் கையை ஓங்கினேன். அப்படியே அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

பிறகு பத்து லிட்டர் மிஷினைத்தான் வாங்கினேன், நானே பார்த்து. இப்போதும் அது தரையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், யார் எங்கே நிற்கிறார்கள் என்று என் கண் பயந்து தேடுகிறது. கோழை என்று யார் சொன்னாலும் சரி, அந்தப் பயத்தை நான் விடப்போவதில்லை.