முதல் தண்ணீர்

மாதா கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. வேலை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், சேவை என்று சொல்ல வேண்டும். பங்கு மக்கள் எல்லோருக்கும் அவள் பீடத்துணி அக்கா. அந்தத் துணிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பூசையில் விரிக்கும் வெள்ளைத் துகிலில் நற்கருணை அப்பத்தின் துகள், அதாவது ஆண்டவரின் உடல், ஒட்டியிருக்கலாம். அதனால் முதலில் அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் மூடி போட்ட சின்னக் குழி இருக்கிறது, அந்த மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அலசிய தண்ணீர் இருக்கும் பேசினை இரண்டு கையாலும் ஏந்தி அவள் தெருவில் போகும்போது எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவள் வீட்டுக்காரர் சாக்கடைக் குழிக்குள் இறங்கி அடைப்பெடுப்பவர். பொல்லாத கேலிக்காரர். வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று, "தாயே, ஒரு வாளித் தண்ணி!" என்று குரல் கொடுப்பார். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே வாளியை நீட்டுவாள். ஒருநாள் அவள் பேசினோடு கிளம்பியபோது வழிமறித்தார்.

"கொடுத்துவச்ச தண்ணி! சாக்கடைப் பக்கமே போகக் கூடாதாம். நான் தினமும் அதுக்குள்ளதான் முங்கி எழுறேன். எனக்கும் இப்படி ஒரு சட்டம் போடச் சொல்லேன் உங்க சாமிகிட்ட."

"வாயைக் கழுவுங்க," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டாள்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் பங்குச் சாமியார் மனித மாண்பைப் பற்றிப் பேசினார். மனிதன் ஒவ்வொருவனும் கடவுளின் சாயல், அவனைக் குப்பையாக நடத்துகிறவன் கடவுளையே குப்பையில் போடுகிறான் என்றார். முன்வரிசையில் இருந்த சாக்கடை வேலை ஒப்பந்தக்காரர் தலையைப் பலமாக ஆட்டினார். அந்த வாரமே அவள் வீட்டுக்காரரைக் குழி வாயில் நிறுத்தி, "மெஷின் வர நேரமாகும். சின்ன வேலைதான், இறங்கிட்டு வந்துடு," என்றவரும் அதே மகராசன்தான். முகமூடி இல்லை, கயிறு இல்லை. இறங்கினவர் விஷவாயுவில் மயங்கி விழுந்தார். பிணமாகத்தான் மேலே வந்தார்.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் புதுச் சோப்பும் துண்டும் அந்தப் பேசினுமாக ஓடினாள். தன் கையால் அவரைக் கழுவ வேண்டும், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

"நாங்களே குழாயைப் பிடிச்சுக் கழுவிட்டோம்மா," என்றான் உதவியாள். நல்ல மனுஷன். "அந்தக் கோலத்துல நீங்க பார்க்க வேணாமேன்னுதான்."

"தண்ணி எங்கே போச்சு?"

அவன் தரை ஓரத்துக் கம்பி வலையைக் காட்டினான்.

"மறுபடியும் அங்கேயே அனுப்பிட்டீங்களே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அப்படி அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை, பாவம்.

அவர் போட்டிருந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்ததும், "அதைத் தூக்கி எறிஞ்சிடு," என்றாள் நாத்தனார். அவள் எறியவில்லை. மறுநாள் காலை அதே பேசினில் அந்தச் சட்டையை அலசினாள். கறுத்த தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அன்றைக்கும் தெருவில் வழிவிட்டார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் குறுக்கே வந்து நின்றார். "அக்கா, இதை இங்கே ஊத்தக் கூடாது. ஆண்டவரோட துகள் போற இடம்."

"இதுவும் அதுதான்," என்றாள்.

சத்தம் கேட்டுச் சாமியார் வெளியே வந்தார். அவள் அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதானே சொன்னீங்க சாமி? கடவுளோட சாயல்னு? அவரைக் கழுவின தண்ணி போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் சாக்கடையில விடச் சொல்றீங்களா?"

நாற்றம் சாமியார் முகத்தில் தெரிந்தது. பிறகு குனிந்து குழியின் மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் ஊற்றினாள். தண்ணீர் சீக்கிரம் இறங்கவில்லை. குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. அது இறங்கி முடிகிறவரை மூன்று பேரும் நின்றார்கள்.

காலிப் பேசினை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவள் அந்த ஈர மண்ணிடம் குனிந்தாள்.

"உங்க சட்டத்தைச் சாமிகிட்ட சொல்லிட்டேங்க," என்றாள். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."