இது புடவை இல்லை

வரதன் சார் போய்விட்டார். நம்பவே முடியவில்லை... எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

முந்தாநாளே இறந்திருக்கிறார். எனக்கு இன்று காலைதான் தெரியும். அதுவும் நானே போன் பண்ணி... அவர் அனுப்பிய பார்சலை மடியில் வைத்துக்கொண்டு.

இந்த குரூப்பில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆன்லைனில் பழைய கர்நாடக சங்கீத சிடி செட் விற்பவர். என் வீட்டில் இருக்கிற நாகஸ்வர செட் அத்தனையும் அவரிடம் வாங்கியவை.

ஏன் நாகஸ்வரம் என்று கேட்பீர்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ரெண்டு தறி. ஒன்றில் வீட்டுக்காரர், ஒன்றில் மாமியார். நான் ஸ்கூல் விட்டு வந்து அந்தச் சத்தத்தில் வீணை சிடி போட்டால் எனக்கே கேட்காது. தறியை மீறிக் கேட்பது நாகஸ்வரம் ஒன்றுதான்.

முதல் செட் வாங்கும்போது விளம்பரத்தில் அவர் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். "பெட்டி இடது மூலை நசுங்கி இருக்குது. உள்ள இருக்கற புக்குல யாரோ டீ கிளாஸ் வெச்சிருக்காங்க. ரெண்டாவது டிஸ்க்ல கீறல் இருக்குது, பாட்டு நிக்காது."

விற்க வந்த ஆள் மாதிரியே இல்லை... வாங்காதே என்று சொல்கிற மாதிரி இருந்தது. உடனே வாங்கிவிட்டேன்.

ரொம்ப வருஷம் புடவைக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர். குறையை முதலிலேயே காட்டிவிட்டால் அப்புறம் சண்டை இல்லை என்பார். டிஸ்க்கையும் புடவை மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். ஊசி குத்தின மாதிரி எங்கேயாவது புள்ளியாக வெளிச்சம் வந்தால் அந்த டிஸ்க் போச்சு.

பார்சலில் முகவரியைப் பார்த்தால் சின்ன காஞ்சிபுரம். ஒரே ஊர்! நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேனே சார் என்றேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. கூரியரில் போனால்தான் அவர் பேக்கிங் தாங்குகிறதா என்று தெரியுமாம். ஆட்டோவில் போகிற தூரம்... பெட்டி சென்னையைச் சுற்றிவிட்டு வரும்.

இன்னொரு ரூல் உண்டு. பார்சலைத் தனியாகப் பிரிக்கக் கூடாது. போன் போட்டு அவர் லைனில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டு, எல்லாம் ஓடுகிறது என்று நான் சொன்ன பிறகுதான் போனை வைப்பார்.

அவர் பேக் பண்ணுவது பழைய பட்டுப்புடவை அட்டைப்பெட்டியில். கடையில் மிஞ்சினது வீட்டில் நிறைய இருந்ததாம்.

ஒரு தடவை நான் ஸ்கூலில் இருந்தபோது பார்சல் வந்துவிட்டது. மேல் கவர் கிழிந்து பெட்டி பளிச்சென்று தெரிகிறது. வாங்கினது மாமியார். தறி ஓடுகிற வீட்டு மருமகள் கூரியரில் பட்டுப்புடவை வரவழைக்கிறாள்... நான் வீடு வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"நாங்க நெய்யறதெல்லாம் உனக்குப் புடவையாத் தெரியலையாம்மா?" கேட்கும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர். மூடியைத் திறந்து சிடியைக் காட்டினேன். அப்புறமும் படுக்கப் போகிறவரைக்கும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதை வரதன் சாரிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்தார், இருமல் வருகிறவரை சிரித்தார். அடுத்த பார்சலிலிருந்து பெட்டி மேல் கறுப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில்: இது புடவை இல்லை.

கடைசியாக நான் கேட்டது ஆறு டிஸ்க் நாகஸ்வர செட். எத்தனையோ வருஷமாகத் தேடினது. அவருக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் நாலாவது டிஸ்க்கில் புள்ளி. அதில்தான் அந்தப் பெரிய தோடி ராக ஆலாபனை. இருக்கிறதை அனுப்புங்கள் சார் என்றேன்.

"நாலு இல்லாம அனுப்ப மாட்டேன் டீச்சர். தேடிக்கினு இருக்கறேன், கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன். மழை போய் வெயிலும் வந்துவிட்டது.

இன்று காலை பெட்டி வந்தது. மேலே அதே எழுத்து. சந்தோஷம் தாங்கவில்லை. ரூல்படி போன் போட்டு, எடுத்ததும், நாலு கிடைச்சிடுச்சா சார் என்று ஆரம்பித்துவிட்டேன்...

எடுத்தது அவர் பொண்ணு.

கூரியர் ஆபீசில் இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து காபி கேட்டிருக்கிறார். கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே... பெட்டி மூலை நசுங்கினால் எழுதுகிற மனுஷன், நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டில்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

பார்சல் வந்திருக்கிறது என்று மட்டும் உளறினேன்.

"நீங்க நாகஸ்வர டீச்சர்தானே? அப்பா அப்படித்தான் சொல்லுவாரு."

பிரித்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லைம்மா, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், வைக்கட்டுமா என்றேன். பின்னால் யார் யாரோ பேசுகிற சத்தம் மட்டும்.

"பிரிங்க டீச்சர். நான் லைன்ல இருக்கறேன்."

பிரித்தேன். ரெண்டு தறியும் நின்றுவிட்டது. மாமியார் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஒன்று ஓடுது... ரெண்டு ஓடுது... மூணு ஓடுது... சொல்லிக்கொண்டே வந்தேன்.

நாலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு புள்ளி இல்லை.

போட்டேன். தோடி ஆரம்பித்தது. அந்தப் பொண்ணு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நிறுத்தப் போனேன். வேண்டாம், ஓடட்டும் என்றாள்.

அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இன்று சாயந்திரம் அவள் அனுப்பின போட்டோவில்தான் பார்த்தேன்... மாலையோடு.

ஆறும் ஓடுகிறது சார். நாலும் ஓடுகிறது.

நீங்கள் போனை வைக்கலாம்.