பத்து சென்டிமீட்டர் குறைந்த உத்தரம்

என் வீட்டுக்காரருக்கு முப்பது வருடத் தச்சு வேலை. அவர் மாட்டிய கதவு எந்த மழைக்கும் இறுகாது. வாய்தான் கொஞ்சம் நீளம். "நான் அளந்தா அளந்ததுதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

தீயில் எரிந்துபோன மரத் தேவாலயத்தைத் திரும்பக் கட்டினார்கள். சுவர் கான்கிரீட், முகப்பு கண்ணாடி, கூரை மட்டும் பழையபடி மரம். நெருப்புக்குத் தப்பியது ஒரே ஒரு உத்தரம். எங்கள் கல்யாணமும் எங்களைப் பெற்றவர்கள் கல்யாணமும் அதன் கீழேதான் நடந்தன. நடுக்கூரைக்கு அதுதான் வேண்டும் என்று சபையில் எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். கரிந்த முனைகளை நறுக்கும் வேலை இவரிடம் வந்தது.

டேப்பின் நுனி தேய்ந்துபோனால் தச்சர்கள் பத்தாவது சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளப்பார்கள். கடைசியில் பத்தைக் கூட்டிக்கொள்வார்கள். இவரும் பத்தில்தான் ஆரம்பித்தார். கூட்ட மறந்துவிட்டு அறுத்துத் தள்ளிவிட்டார், மகானுபாவர்!

சாயங்காலம் பேயறைந்த மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"பத்து சென்டிமீட்டர் குறைஞ்சு போச்சுடி. ஒரு பக்கம் சுவரை எட்டாது. அந்த மரத்துக்கு நான் எங்க போவேன்? தெரியாம ஒரு ஒட்டுப் போட்டு ஏத்திடவா? இல்லேன்னா கண்காணாம எங்கயாவது போயிடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊருக்கெல்லாம் வாயைத் திறந்தீங்களே, இன்ஜினியரம்மாகிட்டயும் திறங்க" என்று காலையில் கையோடு இழுத்துப் போனேன்.

தேவாலய வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். முழுக்கக் கேட்டார். வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டார்.

"ரெண்டு முனையிலயும் எப்படியும் இரும்புத் தாங்கி வருதே ஐயா. ஒண்ணை நீளமா செஞ்சா தாங்கும். நீங்க சொல்லாம ஒட்டுப் போட்டு ஏத்தியிருந்தா, யார் தலையிலயாவது விழுந்திருக்கும்."

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு வாரத்தில் உத்தரத்தை ஏற்றினார்கள். தாங்கியில் கச்சிதமாக உட்கார்ந்தது. இவர் ஏணியிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"நீ இழுத்துட்டு வரலேன்னா நான் ஓடியே போயிருப்பேன்டி."

"எங்க ஓடுவீங்க? பஸ்ல ஏறினாலே உங்களுக்கு வாந்தி."

சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. போயிடறேன் என்று சொன்ன அன்று ராத்திரி வாசற்கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நான் தூங்காமல் கிடந்தது இவருக்கு இன்னும் தெரியாது.