சலாட் மேசைக்கு ஓடிய ஓட்டம்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிசுக்கு வந்த புதிதில், முகத்துக்குக் கம்பிக்கூண்டு வைத்த ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் இரண்டிலும் தலையணை அளவு மெத்தை கட்டிக்கொண்டு, ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா பதில் போட்டிருந்தா: "படம் கிடைச்சது. அது ஆர்?" காசு கொடுத்து, முகம் தெரியாமல் படம் எடுத்துக்கொண்டவன் எங்கள் பரம்பரையில் நான் ஒருவன்தான்.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் ஒரு தைல மணம். போன கிழமை பாசலில் ட்ராமில் பக்கத்தில் வந்து நின்ற பெடியன் முழங்காலில் பூசியிருந்தான். கற்பூரமும் ஏதோ மரப்பிசினும் கலந்த மணம். குதிரைக்கென்று செய்து, குதிரையைவிட மனிதர் அதிகம் பூசிக்கொள்கிற தைலம் அது. முகர்ந்துகொண்டே நின்றதில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் வயதில் மறதிக்கு நல்லதொரு சாட்டு கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான்.

எண்பதுகளின் நடுவில், வின்டர்தூரில், ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த விளையாட்டு மைதானத்தின் உடைமாற்றும் அறை முழுக்க அந்த மணம்தான். நான் ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குசினித் தலைவர் வால்ட்டர். அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் சில காலம் சமைத்துவிட்டு வந்தவர். போகும்போது கூட்டிக்கொண்டு போன மனைவி அங்கேயே தங்கிவிட, திரும்பும்போது நீள்வட்டப் பந்தொன்றைக் கொண்டுவந்தார் என்று குசினியில் ஒரு கதை. அந்தப் பந்தைச் சுற்றி ஊர்ப் பெடியன்களைச் சேர்த்து அமெரிக்கன் புட்போல் அணி ஒன்றை நடத்தினார். ஞாயிறுகளில் விளையாட்டு. அதன் விதிகள் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. விளையாடுகிறவர்களிலும் பாதிப்பேருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு அந்த விளையாட்டில் ஒரு அக்கறையும் இருக்கவில்லை. என் அக்கறை சலாட் மேசையில். கோப்பை கழுவும் தொட்டி குசினியின் கடைசி மூலையில், நீராவிக்குள் இருந்தது. விரல்கள் எந்நேரமும் ஊறி, பிறந்த குழந்தையின் விரல்கள் போலச் சுருங்கிக் கிடக்கும். சலாட் மேசை யன்னலோரம். காய்ந்த கையோடு நின்று, இலைகளை அடுக்கிக்கொண்டே தெருவால் போகிறவர்களைப் பார்க்கலாம். அங்கே நின்ற போர்த்துக்கல் பெண் மாத முடிவில் வேலையை விட்டு ஊருக்குப் போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து, அந்த இடம் எனக்குக் கிடைக்குமா என்ற ஒரே யோசனைதான். என்னோடு அறையில் இருந்த கணேசண்ணையும் அதே தொட்டியில்தான் கழுவினார், என்னைவிட நீண்டகாலமாக. ஆனால் அவர் ஆசை எதையும் வெளியில் காட்டுகிற ஆளில்லை.

வால்ட்டரின் அணியில் தாக்குதல் திட்டம் என்று ஒன்றுதான் இருந்தது: பந்தை இறைச்சிக்கடை ஹான்ஸிடம் கொடுப்பது. ஹான்ஸ் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மாடு வேலியை முட்டுவதுபோல நேரே போவான். வேலி கூடப் பலமாக இருந்தால் ரூடியிடம் கொடுப்பது. ரூடி மெலிந்தவன், சுற்றிக்கொண்டு ஓடுவான். அந்தக் குளிர்காலத்தில் ஹான்ஸ் பனிச்சறுக்கில் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். ரூடிக்குப் பயிற்சியில் முழங்கால் திரும்பியது. பாசல்காரரோடு ஆட்டம் வர இருந்தது. அதில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும்.

ஓடுகிற ஆள் இல்லாவிட்டால் எறிந்து ஆடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எறிவதற்கு பேட்டர் இருந்தான், வங்கியில் வேலை பழகுகிறவன். நன்றாகவே எறிவான். பிடிக்கிறவர்கள்தான் இல்லை. குளிரில் விறைத்த கைகளுக்குள் வந்த பந்து, சவர்க்காரக் கட்டிபோல வெளியே பாயும்.

ஒரு நாள் மதிய நெரிசலில் வால்ட்டர் என்னைக் கவனித்தார். அடுப்புக்கும் மேசைக்கும் இடையே ஒரு ஆள் போகத்தக்க இடைவெளி. நான் பீங்கான் அடுக்கைச் சுமந்துகொண்டு, நாலைந்து சமையல்காரரை உரசாமல் வளைந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தேன். எங்கே பழகினாய் என்று கேட்டார். ஊரில் கிளித்தட்டு விளையாடினேன், எங்கள் பக்கத்தில் தாச்சி என்போம், நிலத்தில் கோடு போட்டு ஆட்கள் மறிப்பார்கள், அவர்களுக்குள்ளால் புகுந்து போகவேண்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாவட்ட அணியில் இருந்தேன் என்றும் சேர்த்துவிட்டேன். உண்மையில் எங்கள் வாசிகசாலை அணியிலேயே நான் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் இறங்குவேன்.

"ஞாயிறு எங்கள் அணியில் ஓடு. நன்றாகப் போகட்டும்," என்றார் வால்ட்டர். "திங்கள் சலாட் மேசையைப் பற்றிக் கதைப்போம்."

அன்று பின்னேரமே உருக்கு மேசையில் திட்டம் விரிந்தது. எதிரிகள் உருளைக்கிழங்குகள். நம்மவர் கரட்டுகள். எனக்கென்று அவர் ஒரு கறுப்பு ஒலிவ்காயை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, முகம் சிவந்து, அதை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு முள்ளங்கியை வைத்தார். கரட்டுகள் எல்லாம் ஆரவாரமாக வலப்பக்கம் போகும். உருளைக்கிழங்குகள் பின்னால் போகும். பெரிய கரட் ஒன்றின் பின்னால் ஒளிந்திருக்கும் முள்ளங்கி, பேட்டரிடம் பந்தை வாங்கிக்கொண்டு இடப்பக்கத்தால் நழுவும். மேசையில் பார்க்க மிக அழகாக இருந்தது.

கணேசண்ணைக்குச் சொன்னேன்.

"விசரே உனக்கு? ஒவ்வொருத்தனும் அலுமாரி மாதிரி நிக்கிறான்."

"அவங்கள் என்னைப் பிடிச்சால்தானே அண்ணை?"

"பிடிக்கமாட்டாங்கள். மிதிச்சுக்கொண்டு போவாங்கள். சரி, எத்தினை மணிக்கு ஆட்டம்? நானும் வாறன்."

ஞாயிறன்று அவர் நாலைந்து தமிழ்ப் பெடியளோடு வந்து கோட்டோரம் நின்றார். எல்லாரும் கம்பளித் தொப்பிக்குள். ஹெல்மெட்டுக்குள் எனக்கு என் மூச்சுத்தான் கேட்டது.

முதற்பாதியில் ஆட்டம் சமநிலையில் நின்றபோது வால்ட்டர் சைகை காட்டினார். கரட்டுகள் வலப்பக்கம் பாய்ந்தன. பேட்டர் பந்தை என் வயிற்றில் திணித்தான். நான் இடப்பக்கம் திரும்பினேன். உண்மையாகவே அங்கே ஒருவரும் இல்லை. ஓடினேன். ஒருவன் வந்தான், குனிந்தேன். இன்னொருவன் வந்தான், இடுப்பை ஒடித்தேன். வெறும் புல் நீண்டு கிடந்தது, அதன் கடைசியில் எனக்கு வெள்ளைக் கோடு தெரியவில்லை, யன்னலோரச் சலாட் மேசைதான் தெரிந்தது. கடைசி ஆள் பக்கவாட்டில் எட்டிப் பாய்ந்தான். அவனுடைய விரல் நுனி என் தோளில் பட்டது.

நின்றுவிட்டேன்.

தாச்சியில் கை பட்டால் அவுட். பட்டதா இல்லையா என்று சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. ஒழுங்கான பிள்ளையாக நின்று, பந்தை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினேன். அவன் பந்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடத்தொடங்கினான். வால்ட்டர் "லவுஃப், லவுஃப்", ஓடு ஓடு, என்று கத்தியது அவனுக்குத்தான் உதவியது.

அந்த மைதானத்தில் என் செயலில் பிழை காணாதவர்கள் கோட்டோரம் நின்ற தமிழர் மட்டுமே. "தொட்டிட்டான். அவுட்டுத்தான்," என்று கணேசண்ணை தீர்ப்புச் சொன்னது எனக்குக் கேட்டது. "ஓம், வடிவாப் பட்டது," என்று மற்றவர்களும் ஆமோதித்தார்கள்.

இடைவேளையில் வால்ட்டர் என் முன்னால் குந்தினார். ஏன் நின்றாய், எங்கேயாவது நோகிறதா என்று கேட்டார். தொட்டுவிட்டான் என்றேன். தாச்சி விதியை விளக்கினேன். அவர்களுடைய ஆட்டத்தில் ஆளை நிலத்தில் விழுத்தும்வரை பந்தோடு ஓடலாமாம். ஒரு மனிதனின் பழக்கத்தைப் பத்து நிமிடத்தில் மாற்றமுடியாது என்று குசினி அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும். "நல்லது. இனி உனக்குப் பந்து கிடையாது. ஆனால் ஓடு," என்றார்.

இரண்டாம் பாதி முழுக்க அப்படித்தான் ஓடினேன். பேட்டர் தருவதுபோல நடிப்பான். நான் பூனைக்குட்டியை ஒளிப்பதுபோல வயிற்றைக் கட்டிக்கொண்டு பறப்பேன். என்னிடம் பந்து எடுப்பது சுலபம் என்று கண்டுகொண்ட பாசல்காரர், அள்ளுப்பட்டு என் பின்னால் வருவார்கள். ஒருவன் தொட்டதும் நின்று, வெறுங்கையை விரித்துக் காட்டுவேன். அதற்குள் பேட்டர் மற்றப் பக்கத்தால், வங்கிக்கு வேலைக்குப் போகிறவன்போல அவசரமில்லாமல், பந்தோடு கோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பான். மறுமுறை கவனமாக இருப்போம் என்று சிலர் பேட்டரோடு நிற்பார்கள். ஆனாலும் நான் ஓடத்தொடங்கினால் அவர்களுக்கும் பொறுக்காது.

வென்றோம். ஹான்ஸ் கட்டுப்போட்ட தோளோடு வந்து மற்றக் கையால் என் முதுகில் அறைந்தான். அன்று எனக்கு ஏற்பட்ட ஒரே காயம் அதுதான். திங்கட்கிழமை வால்ட்டர் என்னைச் சலாட் மேசைக்கு அனுப்பினார். ஒரு கிழமையில் விரல்கள் காய்ந்து மனித விரல்களாகிவிட்டன. தெருவால் போனவர்களில் ஒருத்தியைப் பிறகு கலியாணமும் கட்டினேன். அது வேறு ஓட்டம். இத்தனையும் அந்த இரண்டாம் பாதியில் சம்பாதித்தது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

இன்று அந்த மைதானம் இல்லை. அடுக்குமாடிகள் நிற்கின்றன, வெள்ளைக் கோடு இருந்த இடத்தால் நிலக்கீழ் தரிப்பிடத்துக்குக் கார்கள் இறங்குகின்றன. ரெஸ்ரோறன்டில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். அணி கலைந்தது. வால்ட்டர் காலமானபோது மலர்வளையத்தோடு போனேன். அங்கே வந்திருந்த பேட்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தாச்சிக்குக் கோடு போடக்கூடிய புல்வெளிகள் சுவிசில் நிறைய உண்டு. போடத்தான் ஆளில்லை.

சில வருடங்களுக்கு முன் ஆரா நகரில் கணேசண்ணையின் பேத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். கேக் வெட்டியபின் வழக்கம்போல நான் இந்தக் கதையைச் சொல்லி, சலாட் மேசையில் கொண்டுவந்து முடித்தேன். கணேசண்ணை பல்லுக்குள் அகப்பட்டதை நாக்கால் துழாவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மேசைக்கு வால்ட்டர் முதல்ல என்னைத்தான் கேட்டவர்," என்றார். "யன்னல் காத்து எனக்கு ஒத்துவராது எண்டு நான்தான் உன்ர பேரைச் சொன்னனான். ஆட்டத்துக்கு முதல் வெள்ளிக்கிழமையே முடிஞ்ச அலுவல்."

"வெள்ளிக்கிழமையே? பிறகேன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ ஓடப் போயிருக்கமாட்டாய். ஞாயித்துக்கிழமையில எங்களுக்கும் வேற என்னடாப்பா இருந்தது, பாக்கிறதுக்கு?"