தூரமோ என்று மட்டும் கேட்கும் வீடு

வெளியே புறப்படுகிறவரிடம் "எங்க போறீங்க?" என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது அப்பாவின் சட்டம். அவர் வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். தோணியில் கால் வைக்கிற நேரத்தில் யாராவது அப்படிக் கேட்டுவிட்டால், இனி மீன் படாது என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். ஆகவே அம்மா "தூரமோ?" என்று மட்டும் கேட்பார். அதற்கு ஒரே பதில்தான்: "கிட்டத்தான்." கிட்டத்தான் என்று போனவர் விடிந்தபிறகு திரும்பிய நாட்களும் உண்டு.

இந்தச் சொத்து எனக்குப் பங்கு பிரியாமல் வந்து சேர்ந்தது. கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று வாசலில் அம்மா, "தூரமோ மனே?" என்றார். ஊரே அறிந்த பயணம். டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது. "கிட்டத்தான்" என்றேன்.

திரும்பி வந்து பிரிட்ஜ் திருத்துகிற கடை போட்டேன். ஒரு மகள். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்தாள். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டியை வெளியே தள்ளினாள்.

"தூரமோ?"

"கிட்டத்தான் அப்பா. வாறன்."

மத்தியானம் வரைக்கும் வரவில்லை. நான் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை. கரண்ட் பாய்கிற கம்பியைத் தொட்டுப் பிழைப்பவன். போன் எடுத்தேன். அவள் தொடர்பில் இல்லை என்று பதிவுக் குரலில் ஒரு பெண் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்று பாஷையிலும் அழகாகச் சொன்னாள். மூன்றாவதிலாவது நல்ல செய்தி வரும் என்று கடைசிவரை கேட்டேன்.

சந்தையால் வந்த மனைவி, "எங்க போறாள் எண்டு கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டன்."

"என்னெண்டு?"

"தூரமோ எண்டு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "உங்கட ஆக்களுக்கெல்லாம் வாய் என்னத்துக்கு இரிக்கு? சோறு தின்னவா?"

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். போகிற வழியில், தன்னாமுனையில், மகளின் தோழி வீடு இருந்தது. வாசலுக்கு வந்த அவளின் தாயிடம், என் மகள் இங்கே வந்தாளா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தங்கச்சி, உங்கட பிரிட்ஜ் நல்லாக் குளிருதா?"

தோழியின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கட வீட்டில பிரிட்ஜ் எங்க இரிக்கு அண்ணன்?"

"அப்ப சரி. ஒரு கரைச்சலும் இல்ல" என்று ரோட்டுக்குத் திரும்பி, மேலே தேடிப் போனேன்.

ஏறாவூரைத் தாண்டிப் பெற்றோல் அடிக்கிற செட்டுக்கு வருவதற்குள் மகளுக்கு நான் மனதால் மூன்று விபத்து நடத்தி, ஒரு கள்ளக் கல்யாணமும் செய்துவைத்துவிட்டேன். எதிரே தலைமுதல் கால்வரை புழுதியோடு மகள் ஸ்கூட்டியில் வந்து நின்றாள்.

"என்னப்பா, தூரமோ?"

"கிட்டத்தான்" என்றது என் வாய்.

அவள் என் காலைப் பார்த்தாள். "கிட்டப் போறதுக்கா ஒரு காலில அம்மாட செருப்பு?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கேட்டேவிட்டேன். "எங்க போன நீ?" எங்கள் பரம்பரையிலேயே முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை.

"வாகரைக்கு." மாவட்டத்தின் வடக்குக் கோடி அது.

"அங்க என்னத்துக்கு?"

"அங்கால ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் என்னைப் போடப் போறாங்களாம். பாத்திட்டு வந்து சொல்லுவம் எண்டு போனன். போன் சார்ஜ் இறங்கிற்று."

"கிட்டத்தான் எண்டாய்?"

"எங்கட வீட்டில அந்தக் கேள்விக்கு வேற பதில் இரிக்கா?"

அடைப்பு எடுத்த குழாய் போல ஆகிவிட்டேன். எங்கே தங்குவது? கிணற்றுத் தண்ணீர் உப்பா? மழைக்கு ரோட்டு நிற்குமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தண்ணீர் கொஞ்சம் உப்புத்தான். தங்குவதற்கு அறை பார்க்கவேண்டும். கணக்குப் படிப்பிக்க அங்கே ஆள் இல்லை.

"ஒரு சின்னப் பிள்ளை என்ட கையைப் பிடிச்சிட்டு, 'டீச்சர், வந்திட்டு மாத்தம் எடுத்திட்டு வேற ஊருக்குப் போயிருவீங்களா?' எண்டு கேட்டிச்சு. நேரா முகத்தைப் பாத்துக் கேட்டிச்சு அப்பா."

"நீ என்ன சொன்னாய்?"

"அப்பாட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டன்." ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். "தூரமெண்டால் நீங்க பயந்து மறிப்பீங்க எண்டுதான் சொல்லாமப் போனன். இப்ப சொல்லுங்க. போகவா, வேணாமா?"

'உன்ட விருப்பம்', 'அம்மாட்டக் கேள்', 'பாப்பம்' என்று மூன்று பதில்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. மூன்றையும் விழுங்கினேன்.

"எனக்குப் பயமாத்தான் இரிக்கு மகள். ஆனா போ. ஞாயிற்றுக்கிழமை அறை பாக்க நானும் வாறன்."

அவள் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். நான் செட்டுக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே டாங்கியை நிரப்பினேன். வாகரை கிட்ட இல்லையே.