எங்கிருந்தும் வேலை செய்யலாம்

யுத்தம் முடிவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்தேன். பகலில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் எனக்கு ஒரே பைத்தியம்தான். புரோகிராமர்களுக்கு வேலை தேடித் தரும் இணையத்தளம் ஒன்றைத் தொடங்க வேண்டும். லண்டனிலோ சிட்னியிலோ உள்ள கம்பனி வேலை கொடுக்கும், நம்முடைய பிள்ளைகள் தங்கள் அறையை விட்டு வெளியே இறங்காமலே செய்து அனுப்புவார்கள்.

அறையை விட்டு இறங்காமல் என்பதுதான் அதில் முக்கியம். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பொடியன் வெள்ளவத்தையிலிருந்து நகரின் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போவதென்றால் வழியில் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை கேள்வி. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் “அறிவிக்கிறோம்” என்று சொல்லி அனுப்பிவிடும் கம்பனிகளும் இருந்தன. இணையத்தில் அந்தத் தொல்லை இல்லை. நல்லாகப் புரோகிராம் எழுதத் தெரிந்தால் போதும். நான் பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துத் தலைகால் தெரியாமல் ஆடினேன்.

எனக்கு உதவியாக இருந்தவன் யுத்தம் நடந்த வடக்கில், கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. இருபத்துநான்கு வயது. படிக்க வந்து, படிப்பு முடிந்தும் பாதை பூட்டியதால் ஊர் திரும்ப வழியில்லாமல், பக்கத்து ஒழுங்கை லொட்ஜில் வேறு மூன்று பேருடன் ஒரே அறையில் இருந்தான். தளத்தில் வேலை தேடும் பகுதி முழுவதையும் எழுதியவன் அவன்தான். தொடங்குவதற்கு முன்பே, பரீட்சார்த்தமாகப் போட்ட விளம்பரத்தைப் பார்த்து லண்டன் கம்பனி ஒன்று அவனை இரண்டு தடவை சோதித்து, வேலைக்கு எடுத்தும்விட்டது. திங்கட்கிழமை தொடக்கம். சனிக்கிழமை எங்கள் தொடக்க விழா.

அதற்கு முதல் வாரம் அவன் என்னிடம் ஒன்று கேட்டான்.

“அக்கா, ஒரு லெட்டர் அடிச்சுத் தருவியளோ? சீலும் குத்தி. லொட்ஜிலை செக் பண்ண வந்தால் கொழும்பிலை என்னத்துக்கு நிக்கிறாய் எண்டுதான் கேக்கிறாங்கள். கொம்பியூட்டர் வேலை எண்டு சொன்னால், ஆரின்ரை கம்பனி எண்டு கேக்கிறாங்கள்.”

நான் சிரித்தேன். “சீலோ? தம்பி, நாங்கள் செய்யிறது இன்டர்நெட் பிஸ்னஸ். கையிலை கொம்பியூட்டரை வைச்சுக்கொண்டு சீலுக்கு அலையிறாய். எங்கடை தளத்தின்ரை லோன்ச் முடியட்டும், பாப்பம்.”

“ஓம் அக்கா” என்றான். எதற்கும் அவன் சொல்வது அதுதான்.

உண்மையில் அந்த வாரம் எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஆனால் ஒரு கடிதம் அடிக்கப் பத்து நிமிடம் போதும். கொழும்பிலேயே பிறந்து, சிங்களமும் சரளமாகப் பேசும் எனக்கு, கொழும்பில் நிற்பதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும் என்ற நிலைமையே புரியவில்லை. அந்த வாரம் முழுவதும் லோகோவின் நீலம் இன்னும் கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு லொட்ஜ் மனேஜர் ஃபோன் பண்ணினார். விடியற்காலையில் சுற்றிவளைப்பாம், அறையில் இருந்த நால்வரையும் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். திடுக்கிடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை நடப்பதுதான். கொண்டுபோவார்கள், பதிவார்கள், மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தோம். அதனால் நான் சேலையைச் சரிசெய்துகொண்டு விழாவுக்குப் போனேன்.

ஒரு டியூஷன் வகுப்பு மண்டபம். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் தளத்தின் மூலம் முதல் வேலை கிடைத்தவர் இன்ன கம்பனியில் திங்கட்கிழமை சேர்கிறார் என்று நான் அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஆளைக் காட்டச் சொன்னார்கள். “கொஞ்சம் பிந்தி வருவார்” என்றேன். பெட்டிஸும் கோப்பியும் கொடுத்தோம்.

பன்னிரண்டரை மணிக்கும் அவன் வரவில்லை. அப்போதுதான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாசலில் தாய்மாரும் சகோதரிகளுமாக ஒரு கூட்டம். எனக்கு முன்னால் வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர் நின்றார். பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, நின்ற நிலையிலேயே இரண்டு வரி எழுதி, கடைச் சீலைக் குத்தினார். பத்து நிமிடத்தில் அவருடைய இரண்டு வேலையாட்களும் வெளியே வந்தார்கள். அந்தச் சீல் கோணலாக விழுந்திருந்தது. போகும்போது என்னைப் பார்த்து, “மகள், ஒங்கட பொடியனும் உள்ளுக்கா? கடதாசி ஒண்டு குடுங்க, விட்டுருவாங்க” என்றார்.

மேசையில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். களைத்துப் போயிருந்தார். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். லண்டன் கம்பனி, இணையத்தளம், திங்கட்கிழமை வேலை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “லியுமக் தியெனவாத?” என்றார். கடிதம் இருக்கிறதா என்று.

கைப்பையைத் துழாவினேன். இருந்த ஒரே கடதாசி விழாத் துண்டுப்பிரசுரம். பெருமைக்காக மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தேன். அதைக் கொடுத்தேன். அவர் சிங்களப் பகுதியை மெதுவாக வாசித்தார். மேலே பெரிய எழுத்தில் எங்கள் வாசகம்: எங்கிருந்தும் வேலை செய்யலாம்.

“மிஸ், நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்தும் செய்யலாம் என்று” என்றார் அவர். “அப்படியானால் கொழும்பில் ஏன் நிற்க வேண்டும்? ஊருக்குப் போய்ச் செய்யட்டுமே.”

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அவன் ஊரில் கரண்டே கிடையாது, இணையத்துக்கு எங்கே போவது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சந்தைக்குப் பக்கத்தில் சீல் வெட்டும் கடைக்கு ஓடினேன். ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றார்கள். நின்று செய்வித்தேன். ஃபிளாட்டுக்கு வந்து கடிதம் அடித்து, சீலைக் குத்தி, மூன்று மணி தாண்டி ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது, கொழும்பில் நிற்கக் காரணம் காட்டாதவர்களை, முன்பு ஒருபோதும் நடக்காதபடி, பஸ்ஸில் ஏற்றி வடக்கே வவுனியாவுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கடிதத்தில் மை இன்னும் காயவில்லை.

மூன்றாம் நாள் வவுனியாவில் ஏதோ ஒரு கடையிலிருந்து ஃபோன் எடுத்தான்.

“அக்கா, லோன்ச் நல்லா நடந்ததோ?”

அழுதேன். “லெட்டர் இப்ப இருக்கடா, சீலும் குத்தி வைச்சிருக்கிறன், திரும்பி வரலாமோ பார்” என்றேன்.

“இனி விடமாட்டாங்கள் அக்கா. அம்மா தனிய. பாதை இப்ப கொஞ்சம் விடுறாங்களாம், நான் வீட்டை போறன். லண்டன்காரருக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, நான் ஏமாத்தேல்லை எண்டு.”

சொன்னேன். அவர்கள் இரண்டு வாரம் காத்திருந்தார்கள். பிறகு வேறு ஆளை எடுத்தார்கள். யுத்தம் அவன் ஊரையும் தாண்டிப் போய் முடிந்தபின், அகதி முகாம்களில் இருந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். அவனைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

தளம் நாலு வருடம் ஓடியது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. பெயரைப் பதிந்த அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் சீல் குத்திய கடிதம் கொடுத்தேன், கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். அந்தத் துண்டுப்பிரசுரங்களை மட்டும் எரித்துவிட்டேன். அவன் என்னிடம் கேட்டது ஒரேயொரு தாள். எனக்கு அது பத்து நிமிட வேலை, அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.