உப்புக்காரியும் ஏரிக்குதிரையும்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் புவனேஸ்வரிக்கு வாரம் முழுக்க ஒரு முகம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முகம். கடையில் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் போட்டு நகல் எடுத்துக்கொண்டு, யாரிடமும் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பக்கத்திலிருக்கும் காரை கிராமத்துக்குப் போய், திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து காத்திருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு செம்மண் ஓடைகளுக்குள் இறங்குவாள். கதை நடை என்று அதற்குப் பெயர்.

காரையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கிற பொட்டல் அது. புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம் என்பதால் காலடியில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு வழிகாட்டப் போன புவனேஸ்வரி, அலுப்புத் தெரியாமல் இருக்க ஒரு கதையை அளந்துவிட்டாள். அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் உப்புக்காரி கதை. உப்பு விற்கிற ஒருத்தி, தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன கடலைக் கரையில் நின்று வாய்க்கு வந்தபடி ஏச, அவமானம் தாங்காமல் கடல் சிப்பிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிழக்கே ஓடிப்போன கதை. ஏச்சு வருகிற இடத்தில் புவனேஸ்வரி இடுப்பில் கை வைத்து நின்றால், முன்னால் நிற்பவர்கள் தாங்கள்தான் கடல் என்பதுபோல் ஓரடி பின்னால் போவார்கள்.

இப்படி நாலு பேர் மதிக்க இருந்தவளுக்கு வினை விமானத்தில் வந்தது. ஓரகத்தி ஜெயசித்ரா, கொழுந்தன் தமிழ்மாறனின் மனைவி, ஸ்காட்லாந்தில் நர்சு வேலை. லீவில் வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே, அங்கேயும் இதேபோல் கதை நடை உண்டு என்றாள். மலையோரமும் ஏரிக்கரையுமாக நடந்து, பாறைக்குப் பாறை நின்று பேய்க்கதை, தேவதைக் கதை எல்லாம் சொல்வார்களாம். லீவு கிடைத்தால் அவள் போய்விடுவாளாம். புவனேஸ்வரி அப்படியா என்று மட்டும் கேட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அந்த ஞாயிறு ஜெயசித்ராவும் கூட வந்தாள். வழியில் மழைத்தண்ணீர் தேங்கிய குட்டை ஒன்று உண்டு. அங்கே யாரோ, உங்கள் ஊரில் என்ன கதை சொல்வார்கள் என்று அவளிடம் கேட்டுவிட்டார்கள். அவளும் சொன்னாள். ஏரிக்கரையில் ஓர் அழகான குதிரை தனியாக நிற்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற ஏற அதன் முதுகு நீண்டுகொண்டே போகும். தடவிப் பார்த்த கை அப்படியே ஒட்டிக்கொள்ளும். எல்லாரையும் சுமந்துகொண்டு அது தண்ணீருக்குள் இறங்கிவிடும். கையைக்கூட ஆட்டாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள், சண்டாளி. குட்டைக்கு அருகே நின்றவர்கள் எல்லாம் மெதுவாகத் தள்ளி நின்றார்கள். திரும்பும்போது கூட்டம் முழுக்க அவளைச் சுற்றி நடந்தது. புவனேஸ்வரி ஆட்டை ஓட்டிப்போகிறவள் மாதிரி கடைசியில் வந்தாள்.

அடுத்த வாரம் போன் செய்தவர்கள் அத்தனை பேரும், ஸ்காட்லாந்து அக்கா வருவாங்களா என்றுதான் கேட்டார்கள். புவனேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. வெளிநாடு, சம்பளம், கார் எல்லாம் அவளுக்கு இருக்கட்டும். அதற்கெல்லாம் இவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. இந்தப் பொட்டல்காடு ஒன்றுதான் இவளுக்கென்று இருந்தது. அதையுமா வந்து பிடுங்கவேண்டும்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர்கள் குடும்பத்தில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால் மூத்த மருமகள் பானைதான் முதலில் அடுப்பேறும். அது பொங்கி வழிந்த பிறகுதான் இளையவள் அரிசியையே கையில் எடுக்கவேண்டும். அந்த முறையைக் கதைக்கும் வைத்துவிட்டாள். நிற்கிற இடத்தில் எல்லாம் மூத்தவள் முதலில் சொல்வாள், நேரம் மிஞ்சினால் இளையவள் சொல்லலாம். ஜெயசித்ரா சரிங்கக்கா என்று தலையாட்டினாள். அந்தப் பணிவும் புவனேஸ்வரிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு அவள் பொங்கிய பொங்கலை என்னவென்று சொல்வது! முதல் மேட்டிலேயே உப்புக்காரியை இறக்கிவிட்டாள். அடுத்தடுத்த ஓடைகளில் கையிருப்பில் இருந்த பேய், முனி, ஏழு கன்னிமார் என்று ஒன்றுவிடாமல் கொட்டினாள். இளையவளுக்கு மூச்சுவிட இடம் தரவில்லை. கடைசி மேட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்து, மண் சிவந்து, காற்று விழுந்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கதை கேட்டார்கள். சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை, குரலும் கட்டிவிட்டது. ஜெயசித்ரா முறைப்படி இவளைத்தான் பார்த்தாள். "அக்கா, நீங்க முதல்ல சொல்லுங்க."

நீயே சொல் என்று புவனேஸ்வரி கையைக் காட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அந்த வெளிச்சத்தில் ஜெயசித்ராவின் குதிரை வந்து நின்றபோது ஒருவர்கூட அசையவில்லை. உப்புக்காரியை அதற்குள் எல்லாரும் மறந்திருந்தார்கள். பானைக்கு முதலிடம் மரியாதை, கதைக்குக் கடைசி இடம்தான் மரியாதை என்பது புவனேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

லீவு முடிந்து ஜெயசித்ரா ஸ்காட்லாந்துக்குத் திரும்பினாள். வந்தவர்கள் குதிரைக் கதையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஞாயிறு, கடைசி மேட்டில், பொழுது சாயக் காத்திருந்து புவனேஸ்வரியே அதைச் சொன்னாள். ஏரியைக் குட்டையாக்கி, குதிரையைக் காரையிலேயே கட்டிப்போட்டாள். யார் சொன்ன கதை என்பதைச் சொல்லவில்லை. பிரமாதம் என்று பாராட்டினார்கள். பாராட்டு இனித்தது, ஆனாலும் நெஞ்சில் எங்கோ ஒரு முள் குத்தியது.

மறுநாள் கடையில் இருந்தபோது ஜெயசித்ரா போன் செய்தாள். குதிரை சமாச்சாரம் அதற்குள் கடல் தாண்டிவிட்டதா என்று புவனேஸ்வரிக்குத் திக்கென்றது. ஜெயசித்ராவோ தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொன்னாள். அங்கே கடற்கரையோரம் நடந்த ஒரு கதை நடையில் உப்புக்காரி கதையை அவள் சொல்லிவிட்டாளாம். கேட்காமல் சொன்னது தப்புதானாம்.

புவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் உப்புக்காரியைத் தொட இவள் யார்? நேற்றுத் தான் கட்டிப்போட்ட குதிரை அந்த நிமிடம் அவள் ஞாபகத்திலேயே இல்லை. எல்லாரும் நன்றாகக் கேட்டார்களா என்று மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தாள்.

"இல்லக்கா. விருந்தாளின்னு என்னையத்தான் முதல்ல சொல்லச் சொன்னாங்க. எனக்கப்பறம் வேற வேற கதை வந்துது. முடிஞ்சப்ப யாருக்குமே உப்புக்காரி ஞாபகம் இல்ல. நான்தான் சரியா சொல்லல போலருக்கு."

புவனேஸ்வரியின் மனம் குளிர்ந்தது. மறைப்பானேன், நன்றாகவே குளிர்ந்தது. கூடவே, அந்த ஊர்க் குளிரில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிற உப்புக்காரியையும் நினைத்துக்கொண்டாள். ஜெயசித்ரா எங்கே சறுக்கினாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லாமல் போனை வைத்துவிட்டால் கேட்பார் யாருமில்லை. கடைக்கு யாரோ வந்து நகல் எடுக்க அட்டையை நீட்டினார்கள். இருங்க என்று கை காட்டினாள்.

"நீ சரியாத்தான் சொல்லிருப்ப. முதல்ல சொல்லாத, சித்ரா. எல்லாரும் சொல்லி முடிக்கட்டும், பொழுது எறங்கட்டும். அப்பறமா அவள எறக்கு."

 அந்தப் பக்கத்திலிருந்து சரிங்கக்கா என்று மெதுவாக வந்தது. போனை வைத்தபிறகு, அடுத்த தடவை அந்தக் கடற்கரையில் எல்லாரும் வாய் பிளந்து கேட்கப்போகிறார்கள், கேட்டுவிட்டு ஜெயசித்ராவைத்தான் பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்துப் புவனேஸ்வரிக்கு மறுபடியும் வயிறு எரியத் தொடங்கியது.